சுவர் கூரையைத் தொடாத வீட்டில், சிலந்தியோடு ஒரு கிழமை

இதைப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் சித்தி தூங்குகிறார். விடிவதற்கு முன்பே எழுந்து தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் தெரிந்தால் ஏசுவார். நான் இப்படி ஒரு வலைப்பதிவு எழுதுவது அவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதனால் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

மலையகப் பயணம் என்று தேடினால் பங்களாக்கள் வருகின்றன, நீர்வீழ்ச்சிகள் வருகின்றன, ரயில் வாசலில் தொங்கியபடி படம் எடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். சொந்தக்காரர் வீட்டில், தோட்டத்து லயத்தில், தங்கப் போகிறவளுக்கு ஒரு வரி இல்லை. நான் தேடினேன். ‘லயம் பெரிய சிலந்தி’ என்றுகூடத் தேடினேன். ஒன்றும் கிடைக்காததால் நானே எழுதுகிறேன்.

நான் வந்த காரணம் இது. அம்மா இரண்டு வருட வேலைக்குக் குவைத் போக விசா வந்திருக்கிறது. அப்பா எங்களோடு இல்லை. வத்தளையில் ஒரு வாடகை அறையில் நானும் அம்மாவும்தான். அம்மா போனால் நான் நோர்வூட் பக்கத்தில் இருக்கும் ராணிச் சித்தியோடு இருந்து, பத்தாம் தரத்தை இங்கே தொடர வேண்டும். “ஓகஸ்ட் லீவுக்குப் போயி ஒரு கிழமை, ஏழு நாள் இருந்து பாரு. ஒத்து வரலன்னா சொல்லு, நான் போகல. ஞாயித்துக்கிழம கேப்பேன்” என்றார் அம்மா.

அவர் அப்படிச் சொன்னதுதான் சிக்கல். போய்த்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இப்போது அம்மா போவதும் போகாததும் என் வாயில் இருக்கிறது. எனக்குச் சிலந்தி பயம் என்று அம்மாவுக்குத் தெரியும். சிலந்தி படம் இருக்கும் பக்கத்தைப் பாடப் புத்தகத்தில் கிளிப் போட்டு மூடி வைத்திருக்கும் அளவுக்குப் பயம் என்று தெரியாது.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் புறக்கோட்டையில் அம்மா என்னை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கட்டணம் அறுநூற்று இருபது ரூபா. தூரம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். இடது பக்க ஜன்னல் வேண்டாம். கித்துல்கல தாண்டியதும் வளைவுகளில் பள்ளம் அந்தப் பக்கம்தான் தெரிந்தது, எனக்குத் தலை சுற்றியது. கினிகத்தேனையில் பஸ் நின்றபோது ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் சாப்பிட்டேன். வட்டவளைக்கு மேலே குளிர் தொடங்கிவிடும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பஸ்ஸின் அடியில் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே வந்த புத்திசாலி நான்.

ஹட்டனில் இருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் நோர்வூட்டுக்குத் தொண்ணூறு ரூபா. அங்கே சித்தி சொல்லி வைத்திருந்த மோகன் அண்ணன் ஆட்டோவோடு வர வேண்டும். மழைத் தூறலில் ரோட்டோரப் புல்லில் நின்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். புல்லில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

“ராணியக்காவோட அக்கா மகதான? முழியப் பாத்தாலே தெரியுது. பயந்த முழி” என்றார் மோகன் அண்ணன்.

“நான் பயப்படல அண்ணே.”

“நான் ஒண்ணும் கேக்கலையே தங்கச்சி. சரி, ஏறுறதுக்கு முன்னாடி காலப் பாருங்க.”

சொக்ஸுக்கு மேலே இரண்டு அட்டைகள். நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். மோகன் அண்ணன் ஆட்டோவின் முன்பக்கத்தில் இருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்து நனைத்துத் தேய்த்தார். இரண்டும் உதிர்ந்தன. “மொத சொந்தக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. இனி மத்தவங்க வருவாங்க” என்றார். நான்கு கிலோமீற்றர், எழுநூறு ரூபா. ரோடு மோசம். நான் வழி முழுவதும் கால்களை ஸீற்றின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.

லயம் என்பது ஒரே நீளத் தகரக் கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள். சித்தியின் லயத்தில் பத்து வீடு. முன்னால் இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் சிறிய முன்கட்டு, உள்ளே காம்பரா என்ற ஒரே அறை, பின்னால் சமையல். நீங்கள் கவனிக்க வேண்டியது சுவரை. வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரை வரை போவதில்லை. மேலே ஒரு முழம் அளவு இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. சில லயங்களில் அடைத்திருக்கிறார்களாம், இங்கே இல்லை. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் நமக்குக் கண் எரியும். அந்த வீட்டில் தர்ஷினி அக்கா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்குள் முப்பது நாளைக்கு வெளியாட்கள் போவதில்லை, தாயும் பிள்ளையும் வெளியே வருவதில்லை. அதனால் அவரை நான் பார்க்கவில்லை. குரலை மட்டும் சுவருக்கு மேலே கேட்டேன்.

முதல் நாள் இரவு சோறு சாப்பிடும்போது அதைக் கண்டேன். தண்ணீர்க் குடத்துக்கு மேலே, தர்ஷினி அக்கா வீட்டுப் பக்கச் சுவரில் இருந்தது. என் கையை விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. பழுப்பு நிறம், தட்டையான உடம்பு. வலை எதுவும் இல்லை. அசையாமல் இருக்கும், அசைந்தால் நேராகப் போகாது, பக்கவாட்டில் வழுக்கும். போன இடம் கண்ணுக்குத் தெரியாது.

“சித்தி, அங்க…”

“எங்க? ஓ, அதா. அது கரப்பான் பிடிக்கும். ஒண்ணும் செய்யாது.”

“கடிக்குமா?”

“நீ அதக் கடிக்காம இருந்தாச் சரி. சோத்தப் பாத்துச் சாப்பிடுடி.”

சித்தியின் வாய் இப்படித்தான். செவ்வாய்க்கிழமை என் தட்டில் ஒரு பல்லி விழுந்தது. தோளில் விழுந்தால் இன்ன பலன், தலையில் விழுந்தால் இன்ன பலன் என்பார்களே, சோற்றில் விழுந்தால் என்ன பலன் என்று கேட்டேன். “பல்லிக்கு நல்ல பலன்” என்றார். புதன்கிழமை என் சப்பாத்துக்குள் ஒரு பூரான் இருந்தது. அதை மட்டும் சித்தி சிரிக்காமல் அடித்தார். பூரான் கடித்தால் இரண்டு நாளைக்கு வீங்குமாம். வேறு என்ன உண்டு என்றால், விளக்குப் போட்டதும் தலையில் மோதும் வண்டுகள், கூரைத் தகரத்தில் ஓடும் எலி, சமையல் அடுப்புக்குப் பின்னால் பறக்கத் தெரிந்த கரப்பான்கள். எங்கள் வத்தளைக் கரப்பான்களும் பறக்கும்தான். ஆனால் அங்கே கதவைச் சாத்திவிட்டால் அவை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

என் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் அது இருந்த இடத்தில் இருக்கும். அடுத்த முறை அடித்தால் இருக்காது. இல்லாதபோதுதான் அதிகப் பயம். கழிப்பறை வெளியே, அட்டைப் புல்லைத் தாண்டி. அதனால் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். அழுகை வந்தால் சத்தம் வராமல் துவாயைக் கடித்துக்கொண்டேன். காலையில் சித்தி “தூங்கினியா?” என்று கேட்பார். “நல்லாத் தூங்கினேன் சித்தி” என்பேன். பயந்தேன் என்று சித்திக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் குவைத் இல்லை. திரும்பி வந்து சொந்தத்தில் தையல் கடை போட வேண்டும் என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அந்தக் கடைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்.

புதன் இரவு ஒரு முடிவுக்கு வந்தேன். என்னை மாற்ற முடியாது, சிலந்தியை இடம் மாற்றலாம்.

வியாழக்கிழமை காலை சித்தி கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் தோட்டத்து வழியில் வந்த ஆட்டோவில் இன்னும் மூன்று பேரோடு ஏறி நோர்வூட் கடைவீதிக்குப் போனேன். பங்குக்கு நூற்றைம்பது ரூபா. பூச்சி மருந்து டின் ஒன்று ஆயிரத்து நூற்றைம்பது. கடைக்காரர் “எதுக்கும்மா, கரப்பானுக்கா, எறும்புக்கா?” என்றார். “எல்லாத்துக்கும்” என்றேன்.

பத்தரை மணிக்கு லயத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் மலையில், சின்னப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வாங்குப் பலகையின் மேல் ஏறி அடுப்புக்குப் பின்னால், அலுமாரிக்குப் பின்னால், கடைசியாகச் சுவரின் உச்சி நெடுக அடித்தேன். கரப்பான்கள் கூட்டமாக வெளியே வந்து மேலே ஏறின. அவற்றோடு அதுவும் ஏறியது. சுவரின் விளிம்பில் ஒரு கணம் நின்றது. நான் டின்னை நேராகப் பிடித்து அழுத்தினேன். அது அந்தப் பக்கம் போய்விட்டது.

போய்விட்டது! வாங்கில் நின்றபடியே சிரித்தேன். வந்த நாளில் இருந்து அப்போதுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தர்ஷினி அக்கா கத்தினார்.

“யாரு மருந்தடிச்சது? ஐயோ, தொட்டில்ல கொட்டுதே! யாராவது ஓடியாங்களேன்!”

அவருடைய மாமியார் தண்ணீர் விழும் பீலிக்குத் துணி துவைக்கப் போயிருந்தார். அக்காவுக்கு ஒப்பரேஷன் செய்து பிறந்த பிள்ளை. அவரால் படாரென்று எழும்ப முடியாது. நான் ஓடினேன். வாசல் வரை ஓடி நின்றுவிட்டேன். உள்ளே போகக் கூடாது என்பதால் நின்றேன் என்று இங்கே எழுதலாம். அதற்காக நிற்கவில்லை. சேலைத் தொட்டிலின் முடிச்சுக்கு மேலே அது கால்களை விரித்து உட்கார்ந்திருந்தது. தரையில் கரப்பான்கள் மல்லாந்து துடித்தன. சுவருக்கு மேலே மருந்து வாடை புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குள் பிள்ளை இருமியது. அவ்வளவு சின்ன இருமலை நான் கேட்டதில்லை.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? உள்ள வா!”

“அக்கா, அது…”

“அது கெடக்குது! மருந்து பிள்ளைக்கு ஆகாதுடி!”

உள்ளே போனேன், ஆனால் என்னால் தொட்டிலைத் தொட முடியவில்லை. தர்ஷினி அக்காதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதற்குக் கீழேயே கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கினார். தூக்கி என் கையில் வைத்தார். “வெளிய கொண்டு போ. காத்துல நில்லு. நான் வாறேன்.”

இஸ்தோப்பில் நின்றேன். பன்னிரண்டு, இல்லை, அன்றைக்குப் பதினைந்து நாள் பிள்ளை. தலை நிற்காது. ஒரு கையை எடுத்தால் சரிந்துவிடும் போல இருந்தது. அப்போது என் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கரப்பான். காலர் வழியாக முதுகுக்குள் இறங்கியது. முள் முள்ளாக அதன் கால்கள் எனக்குத் தெரிந்தன. கையை உதற முடியாது, குதிக்க முடியாது, கத்தினால் பிள்ளை திடுக்கிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். அது முதுகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடுப்புப் பக்கம் வந்து விழுந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த தர்ஷினி அக்காவின் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார். கரப்பான் விழுந்ததைப் பார்த்துவிட்டார் போல. “குடு” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு, “இப்ப ஆடு” என்றார். நான் ஆடினேன். முற்றம் முழுக்க உதறி உதறிக் குதித்தேன். அவர் தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதே என்று ஏசிக்கொண்டே சிரித்தார்.

மத்தியானம் சித்தி கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது லயம் முழுக்க மருந்து வாடை. விஷயம் அவருக்கு வழியிலேயே தெரிந்திருந்தது.

“ஏன்டி, ஒனக்கு வாய் இல்லையா? அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கூப்பாடு போட வேணாமா?”

ஒட்டடை அடிப்பது, புகை போடுவது, மருந்து அடிப்பது, எதுவானாலும் கூரைப் பக்கம் கை வைக்கும் முன் இரண்டு பக்கச் சுவருக்கு மேலேயும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் சோற்றை மூடி, பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள். இங்கே பேசப் பழகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சாயந்திரம் தோட்டத்து மருத்துவிச்சி வந்து பிள்ளையைப் பார்த்தார். நெஞ்சில் சளி இல்லை, ஒன்றும் இல்லை, தாயின் தையலும் சரியாக இருக்கிறது என்றார். அதுவரை நான் இஸ்தோப்பில் இருந்து நகரவில்லை. நாளைக்கே வத்தளைக்குப் போய்விடுகிறேன் என்று சித்தியிடம் சொன்னேன்.

“எதுக்கு? சிலந்திக்கா, வெக்கத்துக்கா?” என்றார் சித்தி.

“நான் சிலந்திக்குப் பயப்படல.”

சுவருக்கு மேலே இருந்து தர்ஷினி அக்காவின் குரல் வந்தது. “தங்கச்சி, நீ மூணு ராத்திரியா மூக்க உறிஞ்சுறது எனக்குக் கேக்குது. நான் பால் குடுக்க முழிச்சுத்தான் இருக்கேன்.”

அதற்கும் அடுத்த வீட்டில் இருந்து யாரோ, “எங்களுக்கும் கேக்குது” என்றார்கள்.

நான் ஒளித்து வைத்ததாக நினைத்தது எல்லாம் லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. சித்திக்கும்தான். அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “அவ ஒங்கிட்டத்தான கேட்டா. நான் ஏன் சொல்றேன்?” என்றார். பிறகு அரிசி களைந்துகொண்டே, தனக்குக் குளவி என்றால் பயம் என்றார். போன வருடம் கொட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாராம். இப்போதும் செடிக்குள் கை வைக்கும் முன் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாராம்.

“அப்புறம் எப்படிப் போறீங்க சித்தி?”

“காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சுப் பேரு கூப்பிடுவாங்க. போறேன். என்ன கேள்வி இது?”

சிலந்தி சனிக்கிழமை திரும்பி வந்தது. அதுவோ, வேறொன்றோ. எனக்கு அடையாளம் தெரியாது. பயம் ஒரு துளியும் குறையவில்லை என்பதை உங்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். சிக்னல் இஸ்தோப்பின் ஒரு மூலையில்தான் கிடைக்கும். சித்தி தானும் பேச வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: இங்க எல்லாம் நல்லா இருக்கும்மா, ஒரு பிரச்சினையும் இல்ல.

“இருந்து பாத்தியா? ஒத்து வருமா?” என்றார் அம்மா.

“இங்க எல்லாம் நல்லா…”

“பொய்யி!” என்றது சுவர், தர்ஷினி அக்காவின் குரலில்.

“யாரது?” என்றார் அம்மா.

“பக்கத்து வீட்டுப் பிள்ள” என்று சொல்லிவிட்டுச் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அழுதியா?” என்றார் அம்மா.

“ம்.”

“எத்தன நாளு?”

“எல்லா நாளும்.”

“சரி விடு. அப்ப நான் போகல.” கடையில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லம்மா. நீங்க போங்க. எனக்குப் பயம் போகல. போகும்னு தோணவும் இல்ல. நான் பயந்துக்கிட்டே இருந்துக்கிறேன்.”

“ரெண்டு வருசம் எப்படிடி?”

“தெரியாது. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி சத்தமாவே அழலாம்.”

அந்தப் பக்கம் அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, “நுளம்பு வலை ஒத்தக் கட்டிலுக்கா, பெரிய கட்டிலுக்கா?” என்று கேட்டார். அதிலிருந்துதான் அவர் போகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

இனி, லயத்தில் தங்க வருகிறவர்களுக்கு. நுளம்பு வலை கட்டாயம், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகும் அளவுக்குப் பெரியதாக. கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் கேட்கவே ஐந்து நாள் எடுத்தேன். சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டிவிட்டுத்தான் காலை விட வேண்டும். ஒரு சவர்க்காரத் துண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். டோர்ச், ஸ்வெட்டர் இரண்டும் கைக்கு எட்டும் இடத்தில். தண்ணீர் குடியுங்கள்; நான் குடிக்காமல் இருந்து தலைவலியைத்தான் சம்பாதித்தேன். இரவில் கழிப்பறைக்குப் போக யாரையாவது எழுப்பலாம், ஏசிக்கொண்டே கூட வருவார்கள். பூச்சி மருந்து வாங்க வேண்டாம். வாங்கித்தான் ஆவீர்கள் என்றால் முதலில் சுவருக்கு மேலே சத்தம் போடுங்கள். வத்தளையில் இருந்து ஹட்டன், நோர்வூட் வழியாக இங்கே வந்து சேர எனக்கு எல்லாமாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குள் முடிந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் தூங்குவது எப்படி என்று மட்டும் எனக்கு எழுதத் தெரியவில்லை. இதோ, இப்போதும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். குடத்துக்கு மேலே இருக்கிறது.

அம்மாவின் விமானம் அடுத்த மாதம், இரவு நேரத்தில். அன்றைக்கும் நான் விழித்திருப்பேன். அந்த ஓர் இரவுக்கு மட்டும் சிலந்தியைக் குற்றம் சொல்ல முடியாது.